புதிய ஃபேன்டசி எழுத்தாளர்களைத் தேடி ஒரு வருடம்: எந்த வாசல் வழியாக நுழைவது?

இந்த வருட வாசிப்புக்கு நான் வைத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்று. இதுவரை படிக்காத ஃபேன்டசி எழுத்தாளர்களில் நாலைந்து பேரையாவது நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வருடக் கடைசியில் பார்த்தால் நடந்திருக்கிறது. ராபின் ஹாப், லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட், சுசானா கிளார்க், பாட்ரிஷியா மெக்கிலிப், அப்புறம் பாதி வருடம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஒருவழியாக வழிக்கு வந்த டெர்ரி பிராட்செட். முந்தைய வருடங்களில் இதே முயற்சி ஆரம்பித்த வேகத்திலேயே படுத்துவிடும். திரும்பவும் டோல்கின், திரும்பவும் லெ குவின் என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருப்பேன். இந்த முறை எது வேலை செய்தது, எது சொதப்பியது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். கதைச் சுருக்கம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது பெரும்பாலும் காகிதத் துண்டு, பென்சில், பக்கக் கணக்கு சமாசாரம்.

முதலில் அளவுகோல். 'பிடித்த எழுத்தாளர்' என்று யாரைச் சொல்வது? ஒரு புத்தகம் நன்றாக இருந்தது என்பது போதாது. அவருடைய அடுத்த புத்தகத்தை, பட்டியலில் அதன் முறை வருவதற்கு முன்னாலேயே நானாகப் போய் எடுத்திருக்க வேண்டும். நட்சத்திரம் போட்டும் பார்த்தேன், பிரயோஜனமில்லை. கை கேவ்ரியல் கே எழுதிய 'டிகானா'வுக்கு (1990) ஐந்துக்கு ஐந்து கொடுத்திருக்கிறேன். ஒரு மாகாணத்தின் பெயரையே மந்திரத்தால் அழித்துவிடுகிறான் ஒரு மன்னன். அந்த மண்ணில் பிறந்தவர்களைத் தவிர வேறு யார் காதிலும் அந்தப் பெயர் விழாது. இப்படி ஒரு கற்பனைக்காகவே மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு கேயின் வேறு எந்தப் புத்தகத்தையும் என் கை தேடிப் போகவில்லை. ஆகவே அவர் பட்டியலில் இல்லை. புஜோல்டுக்கு நான் நாலு நட்சத்திரம்தான் போட்டேன். ஆனால் அடுத்ததை அன்று இரவே ஆரம்பித்துவிட்டேன்.

பெயர் சேர்த்தது

'சிறந்த நூறு ஃபேன்டசி' வகைப் பட்டியல்களை எடுத்தால் சுற்றிச் சுற்றி அதே இருபது பேர். 'இதைப் படித்தவர்கள் இதையும் படித்தார்கள்' என்று காட்டும் பரிந்துரை அதைவிட மோசம். டோல்கினைப் படித்தவனுக்கு டோல்கினைப் போல எழுதியவர்களைத்தான் காட்டும். அதனால் இரண்டு வழிகளில் பெயர் சேர்த்தேன்.

ஒன்று, பழைய விருதுப் பட்டியல்கள். பத்து வருடத்துக்குள் வந்தவற்றை விட்டுவிட்டு அடியிலிருந்து மேலே வந்தேன். உலக ஃபேன்டசி விருது 1975இல் தொடங்கியது. முதல் வருடம் நாவலுக்கான பரிசு மெக்கிலிப்பின் 'தி ஃபர்காட்டன் பீஸ்ட்ஸ் ஆஃப் எல்ட்' (1974) நாவலுக்குப் போனது. இருநூறு பக்கச் சொச்சம்தான். மலை உச்சியில் விசித்திர மிருகங்களோடு தனியாக வாழும் ஒரு மந்திரக்காரி, அவளிடம் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள், அங்கே தொடங்குகிறது கதை. இன்றைக்கு ஒருவர் இதை எழுதினால் மூன்று தடிமனான பாகமாக இழுத்திருப்பார். எந்தப் பரிந்துரையும் இவரை எனக்குக் காட்டியதில்லை.

இரண்டாவது, ஏற்கெனவே பிடித்தவர்களின் வாழ்க்கைக் குறிப்பில் வரும் பெயர்கள். கே என் பட்டியலுக்குள் வந்தது அப்படித்தான். டோல்கின் இறந்த பிறகு அவர் மகன் கிறிஸ்டோபர் 'தி சில்மரில்லியன்' (1977) தொகுத்தபோது கூட இருந்து உதவிய இளைஞர் இவர். பிடித்த எழுத்தாளரின் பேட்டியில் 'நான் யாரைப் படிப்பேன்' என்று சொல்லும் இடமும் நல்ல சுரங்கம். வாசகர் பரிந்துரையில் பாதி தேறாது, எழுத்தாளர் பரிந்துரையில் பெரும்பாலும் தேறியது.

சேர்த்த பெயர்களை ஒரு எக்செல் ஷீட்டில் போட்டேன். வெளிவந்த வருடம், பக்கம், மொத்தப் பாகம், முடிந்த தொடரா இல்லையா என்று கட்டங்கள். இவ்வளவும் எல்லோரும் போடுவதுதான். போகிற போக்கில் சேர்த்த ஒரு கட்டம்தான் கடைசியில் முக்கியமாகிப்போனது: 'இது இவர் எழுதியதில் எத்தனையாவது புத்தகம்?' அதைப் பற்றிப் பிறகு.

முடியாத தொடர்களை என்ன செய்வது என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிட்டேன். இரண்டாம் பாகம் 2011இல் வந்து, மூன்றாவதை வாசகர்கள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் தொடர்கள் உண்டு. திட்டுவதில் அர்த்தமில்லை, எழுதுவது அவரவர் பாடு. ஆனால் புதிய எழுத்தாளரைக் கண்டுபிடிக்கும் வருடத்தில் அவற்றுக்கு இடமில்லை என்று சிவப்பு அடித்து ஒதுக்கினேன். நிறைய நேரம் மிச்சமானது.

சலித்தது

கிண்டில் சாம்பிள்தான் முதல் சல்லடை. புத்தகத்தின் முன்பகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைக்கும். நாவல் என்றால் இது தாராளம். ஃபேன்டசிக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல். வரைபடம், பாத்திரப் பட்டியல், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய யுத்தத்தை விவரிக்கும் முன்கதை எல்லாம் சாம்பிளில் பாதியைத் தின்றுவிடும். முன்கதையை மட்டும் படித்து ஒருவரை எடை போடுவது, கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து சாப்பாட்டுக்கு மார்க் போடுவது மாதிரி. பலரும் முன்கதையில்தான் குரலை உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறார்கள். உள்ளே போனால் ஆளே வேறு.

ஆகவே சாம்பிளைப் பாதி நம்பினேன், மீதிக்கு நூலகம். அச்சுப் புத்தகத்தைக் கையில் எடுத்து நடுவில் எங்கேயாவது பிரித்து, இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கும் காட்சியைத் தேடுவேன். சண்டை, மந்திரம், டிராகன் எதுவும் கூடாது. அந்தப் பேச்சு சுவாரசியமாக இருந்தால் ஆசிரியர் தேறிவிட்டார். உலகத்தைக் கட்டுவதில் சூரர்கள் பலர் இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை, நமக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்: 'உனக்குத்தான் தெரியுமே, நம் மன்னர் மூன்றாண்டுகளுக்கு முன்...' மூடி வைத்துவிடலாம்.

இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது புஜோல்டின் 'தி கர்ஸ் ஆஃப் சாலியன்' (2001). கதாநாயகன் கஸரிலுக்கு முப்பத்தைந்து வயது. உடம்பும் மனமும் நொறுங்கிப்போன முன்னாள் போர்வீரன். கந்தலோடு சேற்றுச் சாலையில் நடந்து வருகிறான். எதிரே குதிரையில் வரும் வீரர்களில் ஒருவன் பிச்சையாக ஒரு காசை எறிகிறான். சேற்றிலிருந்து எடுத்துப் பார்த்தால் தங்கக் காசு. எறிந்தவன் தெரியாமல் எறிந்திருக்கிறான். இவன் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். உலகத்தை ரட்சிக்க வந்த வீரனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் எடுபிடியாக இருந்த பழைய மாளிகையில் அடுக்களை வேலையாவது கிடைக்குமா என்று நடந்து வரும் வீரனைப் பார்த்ததில்லை. அந்த மாளிகையின் வயதான சீமாட்டியோடு அவன் பேசும் காட்சி முடிந்தபோது எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

எந்த வாசல்

இந்த வருடத்தில் நான் கற்றது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். தொடர் என்றால் ஒன்றாம் பாகத்தில் தொடங்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். ஒரே கதை தொடர்ந்து போகும் தொடர்களுக்கு அதுவே சரி. ஆனால் ஃபேன்டசியில் தொடரின் ஒன்றாம் பாகம் பல சமயம் அந்த ஆசிரியர் எழுதிய முதல் புத்தகமாகவும் இருக்கும். அதாவது கை பழகுவதற்கு முன்னால் எழுதியது. அங்கே முட்டிக்கொண்டு திரும்பினால், கை பழகிய பிறகு எழுதியவற்றைப் பார்க்காமலே போய்விடுவோம்.

பிராட்செட்டிடம் எனக்கு நடந்தது இதுதான். டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் மொத்தம் 41 நாவல்கள், 1983 முதல் 2015 வரை. ஒழுங்காக ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம் என்று 'தி கலர் ஆஃப் மேஜிக்' எடுத்தேன். அது பழைய வாள்-மந்திரக் கதைகளைக் கிண்டல் செய்யும் புத்தகம். கிண்டல் செய்யப்படும் கதைகளைப் படிக்காதவனுக்கு நகைச்சுவை தலைக்கு மேலே பறந்துபோகும். இவ்வளவு பேர் கொண்டாடுகிற ஆளா இவர் என்று மூடி வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் கிடந்தது.

பிறகு ஷீட்டில் அந்த 'எத்தனையாவது புத்தகம்' கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த வரிசைக்குள்ளேயே நகரக் காவலர்கள், சூனியக்காரிகள், மரணம் என்று தனித்தனி கிளைகள் இருப்பதும், எந்தக் கிளையிலும் ஏறிக்கொள்ளலாம் என்பதும் உறைத்தது. எட்டாவது நாவலான 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) எடுத்தேன். ஆரம்பத்தில் ஒரு காட்சி. ராத்திரியில் ஓர் ஆள் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு ரகசியச் சங்கத்தின் கதவைத் தட்டுகிறான். உள்ளேயிருந்து பாதி வாக்கியம், இவன் மீதி வாக்கியம், இப்படிக் கடவுச்சொல் பரிமாற்றம் நீண்டுகொண்டே போகிறது. கடைசியில் பார்த்தால் வேறொரு ரகசியச் சங்கத்தின் கதவு. இவன் போக வேண்டியது பக்கத்தில் வேறு கதவு. சத்தம் போட்டுச் சிரித்தேன். அதற்குப் பிறகு காவலர் கிளையை நிறுத்தவே முடியவில்லை.

இதே கட்டத்தை வைத்து மற்றவர்களையும் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கின. ராபின் ஹாப் பெயரில் வந்த முதல் புத்தகம் 'அசாசின்ஸ் அப்ரென்டிஸ்' (1995). ஆனால் அது அவருடைய முதல் புத்தகமே அல்ல. 80களிலிருந்தே மேகன் லிண்ட்ஹோம் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தவர். அதனால்தான் ஒன்றாம் பாகத்திலேயே அவ்வளவு நிதானம். ஆறு வயதுப் பையனை அவன் தாத்தா இழுத்து வந்து, 'இது உங்கள் இளவரசரின் பிள்ளை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்கிற பாவனையில் கோட்டை வாசலில் விட்டுவிட்டுப் போகிறார். பையன் அன்று இரவு லாயத்தில் ஒரு நாய்க்குட்டியோடு சுருண்டு தூங்குகிறான். அவ்வளவுதான் காட்சி. கை நடுங்கும் ஆரம்ப எழுத்தாளர் அங்கே ஒரு சண்டையைப் போட்டிருப்பார். புஜோல்டும் அப்படியே. 1986இலிருந்து அறிவியல் புனைகதை எழுதிப் பேர் வாங்கிய பிறகுதான் சாலியனுக்கு வந்தார். கிளார்க்குக்கு 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரல்' (2004) உண்மையிலேயே முதல் நாவல், ஆனால் அதைப் பத்து வருடம் போல எழுதியிருக்கிறார். எல்லாம் ஒன்றாம் புத்தகம்தான், ஆனால் ஒன்றாம் புத்தகம் மாதிரி இல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

எதிர்ப்பக்க உதாரணம் ஸ்டீவன் எரிக்சன். மலாஸன் வரிசையின் முதல் பாகம் 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' 1999இல் வந்தாலும், எழுதியது 90களின் தொடக்கத்தில். இரண்டாம் பாகம் 'டெட்ஹவுஸ் கேட்ஸ்' 2000இல் வந்தது. அடுத்தடுத்த வருடம் வந்த இரண்டுக்கும் நடுவே எழுத்தில் இருக்கும் தூரத்தை எவரும் பார்க்கலாம். இதைத் தெரிந்துகொண்டு முதல் பாகத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால், அங்கே வேறொரு தொல்லை. பெயர்கள்.

பெயர்ச் சீட்டு

ஏ4 தாளை நீளவாக்கில் நாலாக மடித்துக் கிழித்தால் நாலு பட்டைகள். ஒரு புத்தகத்துக்கு ஒரு பட்டை. அதுவே புத்தக அடையாளம், அதுவே பெயர்ப் பட்டியல். பேனா வேண்டாம், பின்பக்கம் ஊறும். 2பி பென்சில் சரியாக இருந்தது. விதி இரண்டுதான். ஒரு பெயர் முதல் தடவை வரும்போது எழுதக் கூடாது, இரண்டாம் தடவை வந்தால்தான் எழுத வேண்டும். ஒரு பக்கம் வந்துவிட்டுச் செத்துப்போகிறவர்களை இது வடிகட்டிவிடும். இரண்டாவது விதி, பெயரைத் தமிழில் எழுத வேண்டும். ஆங்கில எழுத்துகளில் எழுதினால் கண் அதை ஒரு படமாகப் பார்த்துத் தாண்டிவிடுகிறது. தமிழில் எழுதும்போது இதை எப்படி உச்சரிப்பது என்று ஒரு நொடியாவது நின்று முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்த பெயர் மறப்பதில்லை.

இந்தச் சீட்டுக்குப் பெரிய பரீட்சை வைத்தது கேத்தரின் அடிசனின் 'தி காப்ளின் எம்பரர்' (2014). வான்கப்பல் விபத்தில் பேரரசரும் மூத்த மகன்களும் இறந்துபோக, யாரும் சீந்தாத கடைசி மகன், பதினெட்டு வயது மாயா, திடீரென்று அரியணை ஏறுகிறான். அரசவையில் யார் யார் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பெயர்கள் ஒவ்வொன்றும் வாய்க்குள் நுழையாத நீளம். முதலில் திணறினேன். பிறகு புத்தகத்தின் கடைசியில் பெயர் வரிசையும், அந்த நாட்டில் பெயர் வைக்கும் முறை, அழைக்கும் முறை பற்றிய குறிப்பும் இருப்பதைப் பார்த்து அதை முதலில் படித்தேன். அதற்கப்புறம் சறுக்கலே இல்லை. தடிமனான ஃபேன்டசியை எடுத்தால் கடைசிப் பத்துப் பக்கங்களை முதலில் புரட்டிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. கதை முடிவு கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எரிக்சனிடம் சீட்டு தோற்றது. சில அத்தியாயங்களுக்குள்ளேயே இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது. வேறு வழியில்லாமல் ஆள் பெயர்களை விட்டுவிட்டு, எந்தப் படை, எந்தக் குழு, யாருக்கு யார் எதிரி என்று கூட்டங்களை மட்டும் எழுதினேன். நாலைந்து கட்டங்கள், நடுவே அம்புக்குறிகள். அப்படித்தான் முதல் பாகம் கரையேறியது. இரண்டாம் பாகத்தில் கதை இன்னொரு கண்டத்துக்குப் போய்விடுகிறது, பெரும்பாலும் புதிய ஆட்கள். புதுச் சீட்டு கிழித்து வைத்தேன், ஆனால் ஆரம்பிக்கவில்லை. பத்துப் பாக வரிசையை வருடத்தின் பிற்பாதியில் எடுக்கக் கூடாது. அதற்கென்று ஒரு தனி வருடம் வேண்டும்.

கேத்தரின் வாலன்ட்டேயின் 'இன் தி நைட் கார்டன்' (2006) வேறு மாதிரி சவால். தோட்டத்தில் தனித்து வாழும் ஒரு சிறுமியின் கண்ணிமைகளில் கதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவள் ஒரு சிறுவனுக்குச் சொல்கிறாள். கதைக்குள் வருகிறவர் இன்னொரு கதை சொல்வார், அதற்குள் வருகிறவர் இன்னொன்று. வேதாளமும் பதுமைகளும் கதை சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் எந்தக் கதையின் வயிற்றுக்குள் இருக்கிறோம் என்பது அடிக்கடி தொலைந்துபோகும். அதற்குச் சீட்டில் கணினி நிரல் எழுதுவது மாதிரி ஒவ்வொரு உள்கதைக்கும் ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி எழுதினேன். கதை முடிந்து வெளியே வந்தால் ஒரு கோடு. அந்தச் சீட்டைத்தான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், பார்க்கவே அழகாக இருக்கிறது.

காதும் கண்ணும்

கடிகாரம் வைத்து அளந்ததில், களைப்பில்லாத நேரத்தில் பிராட்செட் மணிக்கு நாற்பது பக்கம் போல ஓடுகிறார். ஹாப் முப்பது. கிளார்க்கின் முதல் நாவல் இருபதைத் தாண்டவில்லை, எரிக்சன் அதற்கும் கீழே. புத்தகம் எடுப்பதற்கு முன் பக்கத்தை இந்த வேகத்தால் வகுத்துப் பார்த்துக்கொள்வேன். எண்ணூறு பக்கம், மணிக்கு இருபது என்றால் நாற்பது மணி நேரம். இரவு ஒரு மணி நேரம் படிப்பவனுக்கு ஒரு மாதத்துக்கு மேல். தெரிந்துகொண்டு இறங்கினால் நடுவில் எரிச்சல் வருவதில்லை. பக்க எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'பெரிசு, சின்னது' என்று பிரித்தது உதவவில்லை.

ஆடியோ புத்தகத்தில் நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச்' ஆடியோவாக 32 மணி நேரத்துக்கு மேல். நீளம் பிரச்சினை இல்லை, அடிக்குறிப்புகள்தான். அந்த நாவலில் ஏறக்குறைய இருநூறு அடிக்குறிப்புகள், சில பக்கக்கணக்கில் ஓடும் தனிக் கதைகள். தாளில் படிக்கும்போது கண் கீழே போய்விட்டு மேலே வந்துவிடும். காதில் கேட்கும்போது, அடிக்குறிப்பு முடிந்து கதைக்குத் திரும்புவதற்குள் நாரல் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்பதே மறந்துவிடுகிறது. பாதியில் அச்சுக்கு மாறினேன். மாறிய பிறகுதான் அடிக்குறிப்புகள் புத்தகத்தின் பாதி சுவை என்று தெரிந்தது.

அதே கிளார்க்கின் 'பிரனேசி' (2020) காதுக்காகவே எழுதியது மாதிரி. முடிவில்லாத மண்டபங்கள், சுவரெல்லாம் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் அலை ஏறி இறங்கும், மேல்தளத்தில் மேகம் உலவும். அங்கே வாழும் ஒருவன் எழுதும் நாட்குறிப்புதான் மொத்தப் புத்தகமும். வருடங்களுக்கு எண் கிடையாது. தென்மேற்கு மண்டபங்களுக்கு ஆல்பட்ராஸ் பறவை வந்த வருடம் என்பதுதான் தேதி. நடிகர் சிவெட்டல் எஜியோஃபோர் வாசித்த ஆடியோ ஏழு மணி நேரம் போல. தன்மையில் சொல்லப்படும் கதை, ஆட்கள் குறைவு, அடிக்குறிப்பு இல்லை என்றால் ஆடியோ. வரைபடமோ, அடிக்குறிப்போ, பெயர்க் கூட்டமோ இருந்தால் தாள். இப்போது இதில் நான் தயங்குவதே இல்லை.

இடைவெளியும் கைவிடுதலும்

ஹாப்பின் முதல் மூன்று பாகங்களையும் தொடர்ச்சியாகப் படித்தது சரிப்படவில்லை. கோட்டை வாசலில் விடப்பட்ட அந்தப் பையன் ஃபிட்ஸ் படும் பாடு அப்படி. மூன்றாம் பாகத்தின் நடுவில் அவனுக்கு இன்னொரு அடி விழுந்தபோது, அடப் போடா என்றிருந்தது. அது புத்தகத்தின் குறையல்ல, நான் மூச்சுவிடாமல் படித்ததன் விளைவு. அடுத்த மூன்றான 'லிவ்ஷிப்' பாகங்களுக்கு நடுவில் மெக்கிலிப்பை ஒன்று, புஜோல்டின் 'பென்ரிக்ஸ் டீமன்' (2015) குறுநாவலை ஒன்று என்று செருகினேன். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை ஒரு கப்பலின் தளத்தில் உயிர்விட்டால் கப்பலே உயிர் பெற்றுப் பேச ஆரம்பிக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. அந்தக் கப்பல்கள் பேசுவதை ஆற அமரக் கேட்க முடிந்தது. ஃபிட்ஸின் கதைக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று இந்த மூன்றையும் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. வேண்டாம்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் மூன்றாம் பாகம் 1972, நாலாம் பாகமான 'தெஹானு' 1990. நடுவில் பதினெட்டு வருடம். எழுதியவருக்கு வயதாகிவிட்டது, பார்வை மாறிவிட்டது. சில வருடம் முன்பு நான் நாலையும் ஒரே மூச்சில் படித்து, நாலாவது என்ன இப்படி மந்தமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இந்த வருடம் அதை மட்டும் தனியாக எடுத்தபோது நாலில் அதுதான் கனமானது என்று தோன்றியது.

கைவிடுவதற்கு நூலகர் நான்சி பேர்லின் 50 பக்க விதி பிரபலம். 50 பக்கம் படி, பிடிக்கவில்லையா, கீழே வை. ஃபேன்டசிக்கு அது போதவில்லை. எண்ணூறு பக்கப் புத்தகத்தில் 50 பக்கம் என்பது செருப்பைக் கழற்றும் நேரம். நான் கால்வாசியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: இதை இப்போது மூடினால் நாளைக்கு இதில் வரும் யாரைப் பற்றியாவது யோசிப்பேனா? பெயர் எதுவும் வரவில்லை என்றால் கதை, உலகம், மந்திர விதிகள் எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் கைவிட்டேன். விறைப்பான விதிமுறைகளோடு இயங்கும் மந்திர அமைப்புகளைக் கொண்ட புத்தகங்கள் என் கையில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றன. அது என் ருசி, யாருக்கும் சிபாரிசு இல்லை.

இந்தக் கேள்வியால் பிழைத்தது என்.கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' (2015). இறந்துபோன மகனின் உடலைப் போர்வையால் மூடிவிட்டு உட்கார்ந்திருக்கும் தாய். அவள் பகுதி முழுக்க 'நீ' என்று முன்னிலையில் எழுதப்பட்டிருக்கிறது. கால்வாசியில் குழப்பத்தோடு மூடினேன், ஆனால் எஸுன் என்ற அந்தப் பெயர் விட்டுப் போகவில்லை. திரும்ப எடுத்தேன். மூன்று பாகங்களுக்கும் அடுத்தடுத்து மூன்று வருடம், 2016, 2017, 2018, ஹியூகோ விருது கொடுத்தார்கள் என்றால் காரணமில்லாமல் இல்லை. இரண்டாம் பாகம் வரிசையில் நிற்கிறது. இன்னும் நானாகப் போய் எடுக்கவில்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023) பற்றி ஒரு வார்த்தை. பிறந்தவுடனே தாய் கதாநாயகனின் நிழலைப் பிய்த்தெடுத்துவிடுகிறாள். தந்தையைக் கொல்வதற்கென்றே வளர்க்கிறாள். வளர்ந்தவன் என்ன செய்கிறான் என்றால், ஊரை விட்டுப் போய், தன்னைப் போலவே 'தேர்ந்தெடுக்கப்பட்டு' பிறகு தேறாமல்போனவர்கள் கூடி உட்கார்ந்து மனம் விட்டுப் பேசும் ஒரு குழுவில் சேர்ந்துவிடுகிறான். ஃபேன்டசியின் அவதார நாயகன்கள் மீது இதைவிட நல்ல குத்து நான் படித்ததில்லை. நெபுலா விருது பெற்ற நாவல். அவருடைய அடுத்ததான 'ரேக்ஸ்ஃபால்' (2024) பாதியில் இருக்கிறது. முடித்தால் ஆறாவது ஆள்.

அடுத்த முறை மாற்றப்போவது சில. பட்டியலைப் பாதியாக வெட்டுவேன். நீளமான பட்டியல் படிக்க விடாமல் பட்டியலையே பராமரிக்க வைக்கிறது. வரைபடம் உள்ள புத்தகத்துக்கு அதை முதலிலேயே நகலெடுத்துச் சீட்டோடு கிளிப் போட்டுவிடுவேன், கிண்டிலில் ஒவ்வொரு தடவையும் முன்னால் போய் வருவது கொடுமை. யாரையும் ஆயிரம் பக்கத்தில் சந்திக்காமல் அவருடைய குறுநாவலோ சிறுகதையோ இருந்தால் அங்கேயே தொடங்குவேன். இந்த வருடம் படித்ததெல்லாம் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை, அதுவும் ஒரு குறைதான். அதனால் வேறு மொழிகளிலிருந்து வந்தவற்றை முதலில் வைத்திருக்கிறேன். ஜெர்மனிலிருந்து மிகைல் எண்டே. போலிஷிலிருந்து ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி. அவருடைய விட்சர் நாவல் வரிசையின் ஒன்றாம் பாகம் 1994இல் வந்தது, ஆனால் அதற்கு முந்தைய வருடம் வந்த 'தி லாஸ்ட் விஷ்' என்ற கதைத் தொகுப்புதான் வாசல். ஷீட்டில் அதற்குத்தான் பச்சை அடித்திருக்கிறேன்.